பார்க்கிங் ஹீட்டருக்கு எந்த பேட்டரி?

உள்ளேயே படுத்துத் தூங்கும் கேம்பர் வேனில் இரண்டு பேட்டரி இருக்கிறது. ஒன்று இன்ஜினைக் கிளப்ப. இன்னொன்று உள்ளே எரியும் விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு, போன் சார்ஜர் எல்லாவற்றுக்கும். கையில், இன்ஜின் அணைந்து வண்டி நிற்கும்போதும் உள்ளே சூடு தரும் புது டீசல் ஹீட்டர். அதிலிருந்து ஒரு பிளஸ் வயரும் ஒரு மைனஸ் வயரும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எதில் மாட்டுவது?

யாரைக் கேட்டாலும் வரும் பதில், “ரெண்டாவது பேட்டரியிலதான், வேறென்ன?” என்பது. பதில் தப்பில்லை. ஆனால் அதே இரண்டாவது பேட்டரியில் நான் மாட்டிய ஹீட்டர்தான், வெளியே உறைநிலைக்கு ஆறு டிகிரி கீழே இருந்த ஓர் இரவில், விடியற்காலை மூன்று மணிக்கு என்னைக் கைவிட்டது. பேட்டரியில் சார்ஜ் இருந்தது, டீசலும் இருந்தது. எனவே எந்த பேட்டரி என்பதோடு கேள்வி முடிவதில்லை. அங்கிருந்து ஹீட்டர் வரைக்கும் கரண்ட் எந்த வழியாக வருகிறது, வழியில் எது எது அதைத் துண்டிக்க முடியும் என்பதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

உள்ளே புழங்கும் இரண்டாவது பேட்டரியை இனி வீட்டு பேட்டரி என்று சொல்லிக்கொள்கிறேன். கணக்கெல்லாம் 12 வோல்ட் வண்டிக்கு. நான் பேசுவது டீசலை எரித்து உள்ளே சூடான காற்றை ஊதும் ஹீட்டரைப் பற்றி. இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றி ஓடும் திரவத்தை, அதாவது கூலன்டைச் சூடாக்கும் வகைக்கு நியாயம் கொஞ்சம் வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஹீட்டர் கரண்டை இழுக்கும் விதம்

2 கிலோவாட் ஹீட்டர் என்றதும் பேட்டரியிலிருந்து 2 கிலோவாட் போகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சூட்டைத் தருவது டீசல். கரண்ட் போவது ஃபேனுக்கும், சொட்டுச் சொட்டாக டீசலைத் தள்ளும் பம்புக்கும், கன்ட்ரோல் போர்டுக்கும் மட்டும். மெதுவாக எரியும்போது 10 வாட், 15 வாட். முழு வேகத்தில் 30 வாட்டை ஒட்டி. அதாவது ஒன்றிலிருந்து மூன்று ஆம்பியருக்குள். ஃபிரிட்ஜோடு ஒப்பிட்டால் சாது.

சாதுத்தனம் போய்விடும் நேரம் ஒன்று உண்டு. ஆன் செய்தவுடன், டீசலைப் பற்ற வைக்க உள்ளே இருக்கும் குளோ பிளக் சிவக்கக் காய வேண்டும். அதற்கு 8 முதல் 10 ஆம்பியர் வரை, ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் போகும். ஆம்பியர்-மணிக் கணக்கில் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. 10 ஆம்பியர் மூன்று நிமிடம் போனால் அரை ஆம்பியர்-மணி. ஆனால் அந்த மூன்று நிமிடத்தில்தான் ஒல்லி வயரும், துருப்பிடித்த ஃபியூஸ் ஹோல்டரும், வயதான பேட்டரியும் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது கட்டத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆஃப் பட்டனை அழுத்தினால் ஹீட்டர் உடனே நிற்காது, நிற்கவும் கூடாது. டீசல் பம்பு நிற்கும். பல மாடல்களில் குளோ பிளக் மறுபடி கொஞ்ச நேரம் காய்ந்து, மிச்சம் இருக்கும் டீசலை எரித்து முடிக்கும். ஃபேன் மட்டும் மூன்று நான்கு நிமிடம் ஓடி எரி அறையைக் குளிர வைக்கும். இந்த நேரத்தில் கரண்டைப் பிடுங்கினால் உள்ளே தேங்கிய சூடு வெளியேற வழியில்லாமல் பக்கத்திலிருக்கும் சென்சார், பிளாஸ்டிக், போர்டு என்று பரவும். அரைகுறையாக எரிந்த டீசல் கரியாகப் படியும். ஒரு முறை நடந்தால் ஹீட்டர் பொறுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு முறை நடந்தால் அடுத்த குளிர்காலத்தில் வெள்ளைப் புகைதான் வரும்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

ஸ்டார்ட்டர் பேட்டரி

இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஹீட்டரை டிரைவர் சீட்டுக்குக் கீழே வைக்கிறோம். பல வேன்களில் ஸ்டார்ட்டர் பேட்டரியும் அங்கேயே, காலடியில் இருக்கும். ஒரு மீட்டர் வயர் போதும். வண்டி ஓடும்போதெல்லாம், இன்ஜின் சுழற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் நேராக அதைத்தான் சார்ஜ் செய்கிறது. கம்பெனியிலேயே பொருத்தி வரும் ஹீட்டர்களிலும் பல ஸ்டார்ட்டர் பேட்டரியில்தான் இருக்கும். அந்த ஹீட்டர்கள் பிறந்ததே காலையில் அரை மணி ஓடி, கண்ணாடிப் பனியை உருக்கிவிட்டு, வண்டி கிளம்பியதும் நிற்பதற்காக.

கேம்பர் வேனில் ஹீட்டர் அரை மணி ஓடுவதில்லை, இரவு முழுக்க ஓடுகிறது. சராசரி ஒன்றரை ஆம்பியர் என்று வைத்தால் பத்து மணி நேரத்தில் 15 ஆம்பியர்-மணி. நடுவில் அணைந்து மறுபடி பற்றினால் கொஞ்சம் கூட. 70 ஆம்பியர்-மணி ஸ்டார்ட்டர் பேட்டரியில் ஓர் இரவு தாங்கும். நகராமல் இரண்டாவது இரவும் அங்கேயே நின்றால் பாதி காலி. ஸ்டார்ட்டர் பேட்டரியின் தட்டுகள் மெல்லியவை. ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். மெதுவாகப் பாதி வரை இறக்கி ஏற்றும் வேலைக்கு அது ஆகாது. நாலு தடவை அப்படி இறக்கினால் ஆயுள் குறைவது கண்ணுக்கே தெரியும்.

அதோடு குளிர். உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே போனால் ஈய-அமில பேட்டரியின் தள்ளும் திறன் ஏறத்தாழ பாதிக்கு இறங்கிவிடும். அதே குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, செல்ஃப் மோட்டாருக்கு வழக்கத்தைவிட அதிகமான கரண்ட் தேவைப்படும். இரவெல்லாம் சுகமாகத் தூங்கிவிட்டு, காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தம். செல்ஃப் எடுக்காது. ஹீட்டர் அதிகமாகத் தேவைப்படும் இரவும் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு மோசமான காலையும் ஒன்றையடுத்து ஒன்று வருபவை.

“வோல்டேஜ் குறைஞ்சா ஹீட்டரே நின்னுடுமே?” என்பார்கள். நிற்கும். பல ஹீட்டர்களில் அந்த எல்லை 10.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். லேசான லோடில் ஈய-அமில பேட்டரி 10.5-க்கு வந்துவிட்டது என்றால் அது சுத்தமாகக் காலி. இன்ஜினைக் கிளப்பும் தகுதியை அது எப்போதோ இழந்திருக்கும். அந்தக் கட்-ஆஃப் ஹீட்டரைக் காப்பாற்ற வைத்தது. உங்கள் காலைப் பயணத்தைக் காப்பாற்ற அல்ல.

ஆகவே நின்ற இடத்தில் இரவைக் கழிக்கிற வேனுக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். வாரத்தில் ஒருநாள் மட்டும் தூங்கி, மறுநாள் மூன்று மணி நேரம் ஓட்டுகிறவருக்கு இது ஓடும். ஓடும் என்றுதான் சொல்ல முடியும்.

கூலன்டைச் சூடாக்கும் ஹீட்டருக்கு மட்டும் நிலைமை மாறும். அதன் வேலையே இன்ஜினைச் சூடாக்கிக் கிளப்ப உதவுவது. தண்ணீர் பம்பும் வண்டியின் பெரிய புளோயரும் சேர்ந்து ஓடுவதால் கரண்ட் அதிகம் இழுக்கும், ஆனால் அரை மணிதான். எவ்வளவு நேரம் ஹீட்டர் ஓடியதோ அவ்வளவு நேரமாவது வண்டியை ஓட்டு என்பது பழைய கணக்கு. அதை ஸ்டார்ட்டர் பேட்டரியிலேயே விட்டுவிடலாம்.

கம்பெனி பொருத்திய காற்று ஹீட்டரோடு வேன் வாங்கியவர்கள், அதன் பிளஸ் வயரைக் கழற்றி வீட்டு பேட்டரிக்கு மாற்றலாமா என்று யோசிப்பதுண்டு. கை வைக்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். பல வண்டிகளில் கம்ப்யூட்டர் ஸ்டார்ட்டர் பேட்டரியின் அளவைப் பார்த்துத்தான் ஹீட்டருக்கு அனுமதி தரும். கரண்டை வேறு இடத்திலிருந்து கொடுத்தாலும் அது பார்ப்பது ஸ்டார்ட்டர் பேட்டரியைத்தான். அங்கே வயரைத் தொடாமல், வீட்டு பேட்டரியிலிருந்தோ சோலாரிலிருந்தோ ஸ்டார்ட்டர் பேட்டரிக்குச் சின்னதாக ஒரு சார்ஜர் வைத்து ஊட்டுவது தலைவலி குறைந்த வழி.

வீட்டு பேட்டரி, ஆனால் எந்தப் புள்ளியில்

100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (ஈய-அமில வகைகளில் ஒன்று) பேட்டரியில் பாதியை நிம்மதியாகப் பயன்படுத்தலாம். ஹீட்டருக்கு இரவுக்கு 15 என்றால் மூன்று இரவு, ஃபிரிட்ஜும் விளக்கும் பங்கு கேட்காவிட்டால். கேட்கும் என்பதால் இரண்டு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியானாலும் வண்டி கிளம்பும். கிளம்பினால் சார்ஜ் ஏறும். இந்த ஒரு காரணம் போதும் வீட்டு பேட்டரியைத் தேர்ந்தெடுக்க.

நான் செய்த தப்பு இதற்கு அடுத்த படியில். விளக்குக்கும் பம்புக்கும் போகும் ஃபியூஸ் பெட்டியில் ஒரு இடம் காலியாக இருந்தது. பக்கத்திலேயே 1.5 ஸ்கொயர், அதாவது செம்பின் குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர் உள்ள வயர் மிச்சம் கிடந்தது. மாட்டினேன், ஹீட்டர் பற்றியது, இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வாரம் அந்த இரவு. தெர்மோஸ்டாட் ஹீட்டரை ஒருமுறை முழுதாக அணைத்துவிட்டு மறுபடி பற்ற வைக்க முயன்றது. ஃபேன் சுழலும் சத்தம், ஒரு நிமிட அமைதி, பிறகு டிஸ்பிளேயில் வோல்டேஜ் குறைவு என்ற எரர். மறுபடி ஆன் செய்தேன். மறுபடி அதே.

போர்வையைச் சுற்றிக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி மல்டிமீட்டரை வைத்தேன். லோடு இல்லாதபோது பேட்டரியில் 12.4. மோசமில்லை. குளோ பிளக் காயும்போது அதே பேட்டரி 12.1. அதுவும் சரி. ஹீட்டரின் பிளக்கில் முள்ளை வைத்துப் பார்த்தால் 10.6, பிறகு 10.5. பேட்டரிக்கும் ஹீட்டருக்கும் நடுவில் ஒன்றரை வோல்ட் காணாமல் போயிருந்தது.

எங்கே போனது என்பதைக் காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஐந்து மீட்டர் தூரம் என்றால் போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் பத்து மீட்டர் செம்பு. 1.5 ஸ்கொயர் வயரில் அதன் தடை 0.117 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 1.17 வோல்ட் வயரிலேயே தீர்ந்துவிடுகிறது. மிச்சம் ஃபியூஸ் பெட்டியின் தளர்ந்த பற்றில். ஒரு ஆம்பியரில் ஓடும்போது இதே வயர் இழப்பது பத்தில் ஒரு வோல்ட்தான். அதனால்தான் இரண்டு வாரமும் தெரியவில்லை. பேட்டரி நிரம்பி இருந்தவரை அந்த ஒன்றரை வோல்ட்டை அது தாங்கிக்கொண்டது.

4 ஸ்கொயர் போட்டிருந்தால் இழப்பு 0.44 வோல்ட். 6 ஸ்கொயர் என்றால் 0.29. போக வரச் சேர்த்து ஐந்து மீட்டருக்குள் என்றால் 4, அதற்கு மேல் எட்டு மீட்டர் வரை 6 என்று போட்டால் தப்பு வராது. ஹீட்டரோடு வரும் வயர் நீளமாக இருக்கிறதே என்று அதைச் சுருட்டிக் கட்டி வைப்பவர்கள் அதிகம். வெட்டிச் சுருக்கலாம், ஒன்றும் ஆகாது. ஹீட்டரை பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்க முடிந்தால் அதைவிட நல்லது.

சரி, வயரைத் தடிமனாக்கி ஃபியூஸ் பெட்டியிலேயே விட்டுவிடலாமா? அங்கேதான் இரண்டாவது பிரச்சினை. அந்தப் பெட்டிக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு மெயின் சுவிட்ச் இருக்கும். வெளியே போகும்போது “எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டியா?” என்று கேட்டு யாரோ அதைத் திருப்புவார்கள். ஹீட்டர் அப்போது குளிர்ந்துகொண்டிருக்கும். சில வேன்களில் சுவிட்சுக்குப் பதிலாக, பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே போனால் லோடைத் தானாகவே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கும். ஃபிரிட்ஜுக்கு அது வரம். ஹீட்டருக்கு அது நடு எரிப்பில் கழுத்தைப் பிடிப்பது போல. குளோ பிளக் இழுக்கும்போது வோல்டேஜ் நொடிப்பொழுது சரிந்தால்கூட அவசரக்காரக் கருவி துண்டித்துவிடும்.

ஆகவே என் தேர்வு, வீட்டு பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஹீட்டருக்கென்றே தனி வயர். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தனி ஃபியூஸ். பெரும்பாலான 12 வோல்ட் காற்று ஹீட்டர்களுக்கு 15 அல்லது 20 ஆம்பியர் என்று கூடவே வரும் புத்தகத்தில் போட்டிருக்கும், அதையே வைக்க வேண்டும். நடுவில் சுவிட்ச் வேண்டாம், கட்-ஆஃப் வேண்டாம். பேட்டரி ரொம்பவும் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் அந்தப் பாதுகாப்புக் கருவியை மெயின் வயரில் வைக்காமல், ‘ஓடு’ என்று ஹீட்டருக்குச் சொல்லும் சிக்னல் வயரில் வையுங்கள். அப்படி ஒரு சிக்னல் வயர் இருக்கும் மாடல்களில், அதில் கரண்ட் நின்றதும் ஹீட்டர் அதை ஆஃப் பட்டன் என்று எடுத்துக்கொண்டு, ஒழுங்காகக் குளிர்ந்து நிற்கும். வேலையும் நடக்கிறது, ஹீட்டரும் பிழைக்கிறது. வெறும் டிஜிட்டல் டிஸ்பிளே மட்டும் உள்ள மலிவு மாடல்கள் பலவற்றில் இதற்கு வசதி இல்லை. அங்கே மீட்டரைப் பார்த்து நாமேதான் அணைக்க வேண்டும்.

மைனஸ் வயரிலும் ஒரு சூட்சுமம். வீட்டு பேட்டரியில் ஷன்ட் (மைனஸ் வழியில் உட்கார்ந்து, போகிற வருகிற கரண்டை அளக்கும் துண்டு) வைத்த மானிட்டர் இருந்தால், ஹீட்டரின் மைனஸ்ஸை பேட்டரி முனையில் மாட்டாமல் ஷன்ட்டின் மறுபக்கம், லோடு பக்கம் மாட்டுங்கள். நேராக முனையில் மாட்டினால் ஹீட்டர் சாப்பிடுவது மானிட்டருக்குத் தெரியவே தெரியாது. 80 சதவீதம் இருக்கிறது என்று காட்டும் பேட்டரி உண்மையில் 50-இல் இருக்கும். ஸ்டார்ட்டர் பேட்டரியின் மைனஸ் முனையில் சென்சார் உள்ள புது வண்டிகளிலும் இதே கதைதான். அங்கே வண்டியின் உலோக உடலில் உள்ள பாடி எர்த் புள்ளியில்தான் மாட்ட வேண்டும். வீட்டு பேட்டரிக்கு வருகிறவர்கள் பாடியை நம்பாமல் பிளஸ் எவ்வளவு தடிமனோ அவ்வளவு தடிமனில் மைனஸ்ஸையும் இழுத்துவிடுவது நல்லது. பெயின்ட்டுக்கு மேல் போல்ட்டை முடுக்கிய எர்த் என்றைக்காவது பழிவாங்கும்.

லித்தியம் என்றால்

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இங்கே இரண்டு பக்கமும் கூர்மையான கத்தி. நல்ல பக்கம், அதன் வோல்டேஜ் கடைசிவரை 13-ஐ ஒட்டியே நிற்கும். குளோ பிளக் நேரச் சரிவு என்ற தொல்லையே பெரும்பாலும் போய்விடும். நான் போட்ட 1.5 ஸ்கொயர் வயர்கூட லித்தியத்தில் காலம் தள்ளியிருக்கும். போடச் சொல்லவில்லை.

கெட்ட பக்கம், உள்ளே இருக்கும் பிஎம்எஸ், அதாவது செல்களைக் காக்கும் கன்ட்ரோல் போர்டு. ஈய பேட்டரி சாகும்போது முனகிக்கொண்டே சாகும். வோல்டேஜ் இறங்குவதைப் பார்த்து ஹீட்டர் தானே ஒழுங்காக நின்றுவிட வாய்ப்புண்டு. லித்தியம் 12.8, 12.5 என்று இருந்துவிட்டு, செல் ஒன்று எல்லையைத் தொட்டதும் பிஎம்எஸ் ஒரே வெட்டாக வெட்டிவிடும். ஃபேன் அந்த நொடியே நிற்கும். அதனால் லித்தியம் வைத்திருப்பவர்கள் 20 சதவீதத்தில் அலாரம் வைத்துக்கொண்டு, அங்கேயே ஹீட்டரை அணைப்பது நல்லது.

இன்னொன்று. லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, ஆனால் அதிலிருந்து எடுக்கலாம். அதாவது உறைந்துபோன வேனில் காலையில் முதலில் ஹீட்டரைப் போட்டு உள்ளே சூடாக்கி, பேட்டரியும் கொஞ்சம் இளகிய பிறகு சார்ஜ் ஏற்றலாம். பேட்டரி உள்ளே, சூடான காற்று போகும் பக்கம் இருந்தால் இந்த ஏற்பாடு தானாகவே நடந்துவிடும். வண்டிக்கு அடியில் தொங்கினால் நடக்காது.

மாற்று சுவிட்ச் வேண்டுமா

1, 2, இரண்டும் என்று பேட்டரியை மாற்றித் திருப்ப, படகுகளில் வைக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறதே, அதை வைத்து ஹீட்டருக்கு எந்த பேட்டரி வேண்டுமோ அதைக் கொடுக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பார்க்க அழகான யோசனை.

சிக்கல் என்னவென்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும்போது நடுவில் ஒரு கணம் இரண்டும் இல்லாமல் போகும் சுவிட்சுகள் இருக்கின்றன. ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும்போது அப்படித் திருப்பினால் என்ன ஆகும் என்று இதற்குள் உங்களுக்கே தெரியும். நடுவில் விடாமல் மாற்றும் சுவிட்சாக இருந்தால், மாற்றும் அந்தக் கணத்தில் காலி பேட்டரியும் நிறைந்த பேட்டரியும் நேருக்கு நேர் சேரும். ஹீட்டருக்கான மெல்லிய வயரும் 20 ஆம்பியர் ஃபியூஸும் வழியாக ஒரு பேட்டரி இன்னொன்றை நிரப்பப் பார்க்கும். ஒன்று ஈயம், ஒன்று லித்தியம் என்றால் இன்னும் மோசம். எல்லாம் சரியாக இருந்தாலும், தூக்கக் கலக்கத்தில் ஸ்டார்ட்டர் பக்கம் திருப்பிவிட்டு மறந்துபோகும் மனிதன் ஒருவன் வேனுக்குள் எப்போதும் இருக்கிறான்.

அவசரத்துக்கு ஒரு வழி வேண்டும் என்ற ஆசை மட்டும் நியாயமானது. அதற்கு ஹீட்டர் வயரின் பேட்டரி முனைக்குப் பக்கத்தில் ஒரு தடித்த பிளக்-சாக்கெட் வைத்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்தும் ஃபியூஸோடு ஒரு வயரை அதே இடம்வரை இழுத்து, இன்னொரு சாக்கெட்டில் முடித்து, மூடி போட்டு வையுங்கள். வீட்டு பேட்டரி செத்துப்போன இரவில் ஹீட்டர் அணைந்த நிலையில் பிளக்கை மாற்றிச் செருகினால் போதும். கையால் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் மறதிக்கு இடமில்லை.

ஹீட்டருக்கென்றே ஒரு பேட்டரி

மூன்றாவதாக 20 ஆம்பியர்-மணி லித்தியம் ஒன்றை ஹீட்டர் பக்கத்திலேயே வைத்துவிடுவது சிலரின் வழி. அரை மீட்டர் வயர், வோல்டேஜ் இழப்பு இல்லை, ஃபிரிட்ஜ் என்ன சாப்பிட்டாலும் ஹீட்டரின் பங்கு பத்திரம். குளிர்கால வார இறுதிகளில் மட்டும் வெளியே போகிறவருக்கு, வீட்டிலேயே சார்ஜ் செய்து கொண்டுபோக முடியும் என்றால், இது உண்மையிலேயே நல்ல வழி. அதன் பிஎம்எஸ் 15 ஆம்பியராவது தொடர்ந்து தருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு இன்னொரு பேட்டரி என்றால் இன்னொரு சார்ஜர், இன்னொரு கவலை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கையில் தூக்கிப்போகும் பவர் ஸ்டேஷனில் மாட்டுவது இதன் தம்பி. அதன் 12 வோல்ட் துளை பல மாடல்களில் 10 ஆம்பியரோடு நிறுத்திவிடும். குளோ பிளக் அந்த எல்லையிலேயே விளையாடும். மிஞ்சினால் துண்டிப்பு. அதைத் தாண்டினாலும், லோடு குறைவாக இருக்கிறதே என்று நள்ளிரவில் தானாகவே தூங்கிப்போகும் சிக்கன மோடு சிலவற்றில் உண்டு. அதை அணைத்து வைத்தால் தப்பிக்கலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் தொடர்பு 10 ஆம்பியருக்கு உருகுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பேட்டரியையும் சேர்ப்பது எது

ஹீட்டர் வயரிங் என்று தொடங்கினால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். இரவில் எடுத்த 15 ஆம்பியர்-மணி பகலில் திரும்ப வருகிறதா?

பழைய வண்டிகளில் வோல்டேஜைப் பார்த்துத் தானாகவே சேரும் சுவிட்ச், அதாவது ரிலே, போதும். 13.3 வோல்ட்டை ஒட்டி இரண்டு பேட்டரியையும் சேர்க்கும். 12.8-ஐ ஒட்டிப் பிரிக்கும். எளிமை, உடைய ஒன்றுமில்லை. ஹீட்டரை அந்த ரிலேயின் வீட்டு பேட்டரிப் பக்கம், பேட்டரியிலேயே மாட்டினால் ரிலே சேர்ந்தாலும் பிரிந்தாலும் ஹீட்டருக்குத் தெரியாது. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரில் ஹீட்டரைக் கொடுத்து வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். இன்ஜினை அணைத்த அந்தக் கணமே ஹீட்டரும் மூச்சை விடும். ஓட்டும்போது ஹீட்டரை ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் இது நடக்கும்.

புது வண்டிகளின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வேறு ரகம். எரிபொருளை மிச்சம் பிடிக்க, பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜை 12-க்குப் பக்கத்தில் இறக்கிவிடும். பிரேக் பிடிக்கும்போது 15-ஐ ஒட்டி ஏற்றும். ரிலே என்ன செய்வது என்று தெரியாமல் சேர்ந்து சேர்ந்து பிரியும். மூன்று மணி நேரம் ஓட்டியும் வீட்டு பேட்டரி அரைவயிறாகவே இருக்கும். ஹீட்டர் இரண்டாவது இரவில் நின்றதும் ஹீட்டரைத் திட்டுவோம். அத்தகைய வண்டிக்கும், எந்த வண்டியிலும் லித்தியத்துக்கும், டிசி-டிசி சார்ஜர்தான் வழி. ஆல்டர்னேட்டர் எதைக் கொடுத்தாலும் வீட்டு பேட்டரிக்கு வேண்டிய 14-சொச்சம் வோல்ட்டை அது தயாரித்துக் கொடுக்கும். 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் இரவு போன 15-ஐ ஒரு மணிக்குள் திருப்பித் தந்துவிடும். லித்தியத்தில் அப்படியே. ஈய பேட்டரி கடைசிக் கால்வாசியை ஏற்றுக்கொள்ள மிகவும் பிகு பண்ணும், அதற்குப் பல மணி நேரம் வேண்டும்.

குளிர்கால சோலாரை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. வந்தால் லாபம். ஈய பேட்டரிக்கு ஈக்வலைஸ் சார்ஜ் (செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜில் ஏற்றுவது) கொடுக்கும் சோலார் கன்ட்ரோலர்கள் மட்டும் 15 வோல்ட்டைத் தாண்டும். சில ஹீட்டர்கள் அதிக வோல்டேஜ் என்று சொல்லி அப்போது நின்றுவிடும். பகலில் காரணமில்லாமல் எரர் வந்தால் அங்கே பாருங்கள்.

அப்புறம், கரண்டுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு விஷயம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் வையுங்கள். அதற்கு அதன் சொந்த பேட்டரி இருக்கட்டும், வேனின் எந்த பேட்டரியோடும் சேர்க்க வேண்டாம். பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன்னால் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். குளிர்ந்து நிற்க நாலு நிமிடம் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்து, பங்கு கண்ணில் படுவதற்கு முன்பே.

என் வேனில் இப்போது 6 ஸ்கொயர் வயர் இரண்டு, வீட்டு பேட்டரியிலிருந்து நேராக ஹீட்டருக்குப் போகின்றன. பிளஸ்ஸில் 20 ஆம்பியர் ஃபியூஸ், மைனஸ் ஷன்ட்டின் லோடு பக்கம். மாட்டி முடித்த அன்றே, வெளியே வெயில் இருந்தாலும், மல்டிமீட்டரோடு உட்கார்ந்து ஒருமுறை பற்ற வைத்துப் பார்த்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். குளோ பிளக் காயும்போது பேட்டரி முனையில் ஒரு அளவு, ஹீட்டர் பிளக்கில் ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால் முதலில் ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அதுதான் குற்றவாளி. பிறகு ஆஃப் பட்டனை அழுத்திவிட்டு, வேனின் மெயின் சுவிட்சையும் அணையுங்கள். விளக்கெல்லாம் போய்விடும். அந்த இருட்டில் ஹீட்டரின் ஃபேன் மட்டும் மூன்று நான்கு நிமிடம் ஓடி, தானாகவே வேகம் குறைந்து நிற்க வேண்டும். சுவிட்சைத் திருப்பிய நொடியே ஃபேனும் நின்றால், வயர் இன்னும் தப்பான இடத்தில்தான் இருக்கிறது.